தட்டு மாறிய முட்டை

"நவீன்குமார், நீ வந்து இந்தக் கணக்கப் போடு சாமி" என்று சாக்பீஸை நீட்டினார் இயற்பியல் ஆசிரியர் சென்னியப்பன்.

கரும்பலகையில் ஒரு சாய்தளம். அதன்மேல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து நாலா திசைக்கும் அம்புக்குறிகள். பெட்டி சரியுமா சரியாதா என்பது கேள்வி. சரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதற்கு மேல் நவீன்குமாருக்கு எதுவும் தோன்றவில்லை.

வகுப்பு முழுவதும் அவனையே பார்த்தது. நாமக்கல்லில் விடுதியோடு கூடிய அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன் ஸ்டார் பேட்ச் என்றால் சாதாரணம் இல்லை. அந்த ஸ்டார் பேட்சுக்கே முதல் மாணவன் அவன். முதல் மாணவன் என்றால் ஒரு பெட்டியையாவது சரிய வைத்துக் காட்ட வேண்டும்.

எழுந்தான். பலகைக்குப் போகவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்துகொண்டது.

"சார், அந்தப் பெட்டி ஏனுங்க சார் சரியோணும்?"

நீட்டிய கை அப்படியே நின்றது. சென்னியப்பன் சாரின் இத்தனை வருட உத்தியோகத்தில் பிள்ளைகள் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, 'இது பரீட்சைக்கு வருமா சார்' என்பதுதான். ஏன் என்று ஒரு ஜீவன் கேட்டது இதுவே முதல் தடவை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்பீஸை வைத்துவிட்டு மேசை விளிம்பில் உட்கார்ந்தார். பூமி ஏன் இழுக்கிறது என்று ஆரம்பித்து, மணி அடிக்கிறவரை நிறுத்தாமல் பேசினார். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

தப்பித்தோம் என்று நவீன்குமார் மூச்சு விட்டபோது சார் அவன் தோளில் கை போட்டார். "சாயங்காலம் வெளையாட்டு நேரத்துல என்ற ரூமுக்கு வந்துரு. இத இப்படியே உட்றக் கூடாது."

அந்தப் பள்ளியில் ஒரு நாளைக்கு மனிதனாக இருக்கக் கிடைப்பது அந்த விளையாட்டு நேரம் ஒன்றுதான். அதுவும் போயிற்று.

பத்தாம் வகுப்பு வரை அவனுக்கும் அறிவியலுக்கும் எந்தத் தகராறும் இருந்ததில்லை. அங்கே அறிவியல் கூட்டுக் குடும்பமாக ஒரே புத்தகத்துக்குள் குடியிருந்தது. ஒளியும் உப்பும் தவளையும் வேரும் அடுத்தடுத்த பாடங்களில் அனுசரித்துப் போயின. இயற்பியலில் விட்ட மார்க்கைத் தாவரவியலில் பிடித்துவிடலாம். பாடத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளை நெட்டுரு போட்டால் போதும். அப்படித்தான் சொந்த ஊரான திருச்செங்கோட்டில் அவன் அறிவியலில் நல்ல மார்க்காக வாங்கினான்.

பிளஸ் ஒன்னில் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் இரண்டு தொகுதியாகத் தடித்து நின்றன. போதாக்குறைக்குக் கணக்கு வேறு யாரையும் கேட்காமல் இயற்பியல் வீட்டுக்குள் புகுந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பழைய நெட்டுருவை வைத்துக்கொண்டு எந்த வாசலில் நின்றாலும் உள்ளே விடவில்லை.

அப்படிப்பட்டவன் முதல் மாணவன் ஆனது எப்படி என்பதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்த விஷயம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு, ரிசல்ட் வருவதற்கு முன்பே, அந்தப் பள்ளியில் கோடையில் பிரிட்ஜ் கோர்ஸ் தொடங்கிவிடும். பத்தாவதிலிருந்து பிளஸ் ஒன்னுக்குப் பிள்ளைகள் நடந்து போகப் பாலமாம். நவீன்குமார் பாலத்தில் ஏறிய முதல் நாளே ஆற்றில் விழுந்தான். கோர்ஸ் முடிவில் ஒரு பரீட்சை. அதில் மேலே வருகிறவர்களுக்கு ஸ்டார் பேட்ச். மற்றவர்களுக்குச் சாதா பேட்ச்.

விடைக்கு எதிரே வட்டத்தைக் கறுப்பாக நிரப்பும் அந்தத் தாளை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. பெயருக்குப் பதிலாக நிரப்ப வேண்டிய தேர்வு எண்ணை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம் என்று நேராக முதல் கேள்விக்குப் போனான். முதல் கேள்வி அவனைப் போக விடவில்லை. இரண்டாவது அவனை மதிக்கவே இல்லை. நேரம் முடியப் போகிறது என்றதும், பார்வைக்கு அழகாக இருக்கும்படி வட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நிரப்பி வைத்தான். கோலமாக நினைத்தால் குறை சொல்ல முடியாது.

மணி அடித்ததும் வழக்கம்போல் கடைசி பெஞ்சில் இருப்பவர் எழுந்து தாள்களை வாங்க வேண்டும். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் யாழினி இருந்தாள். சேந்தமங்கலத்துப் பெண். சார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறவள். அவள் இவன் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள், இவன் முகத்தைப் பார்த்தாள். பரிதாபப்படுகிறாள் என்று நினைத்து இவன் தலையைக் குனிந்துகொண்டான். வாங்கிய கட்டோடு தன் இடத்துக்குப் போய், தன் தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

ரிசல்ட் வந்தபோது முதலிடம் நவீன்குமார். கடைசி இடம் யாழினி.

காலைப் பிரார்த்தனையில் தாளாளர் கைலாசம் மைக்கைப் பிடித்தார். ஒரு தாள் எண்ணே நிரப்பாமல் வந்ததாகவும், மற்ற எல்லார் தாளும் இருப்பதால் மிச்சமிருந்த யாழினியுடையதுதான் அது என்று அலுவலகத்தில் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. சொந்த எண்ணை எழுத மறக்கிற பிள்ளை நாளைக்கு டாக்டரானால் எந்த நோயாளிக்கு எந்த ஊசியைப் போடும் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். யாழினி தலையை நிமிர்த்தவில்லை.

அன்று சாயங்காலமே அவள் அப்பா மோட்டார் பைக்கில் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனாள். விடுதி ஜன்னலில் நின்று நவீன்குமார் பார்த்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கூட அவனுக்கு மனம் ஆறியிருக்கும்.

அலுவலகத்தில் எங்கேயோ தாள் மாறிவிட்டது. இது அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. அந்தப் பெண்ணின் டாக்டர் படிப்பைத் தான் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறோம் என்பதும் தெரிந்தது. அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அப்பா வேலுசாமி போன் செய்துவிட்டார். அவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தார். மகன் ஸ்டார் பேட்சில் முதலாவது என்று கேள்விப்பட்டதும் வண்டியை நிறுத்திவிட்டு, மொழி தெரியாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தாராம். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் வாய்க்குள் இருந்த உண்மையை விழுங்கிவிட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தது வைத்தபடியே கிடந்தது.

இப்போது 'ஏன் சார்' என்ற ஒரே கேள்வியை வைத்துக் காலத்தை ஓட்டினான். வேதியியலிலும் அதையே கேட்டான். விலங்கியலில் கேட்கப் போய், விலங்கியல் டீச்சர் அவனை ஒரு கரப்பான்பூச்சியோடு தனியாக உட்கார வைத்துவிட்டார். சென்னியப்பன் சார் நிலைமைதான் மோசம். மனிதர் புதிதாகப் புத்தகங்கள் வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். தினமும் சாயங்காலம் முகம் மலர உட்கார்ந்து, முந்தின நாள் 'ஏன்'னுக்குப் பதில் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க நவீன்குமாரின் முகம் வாடியது. ஒரு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று ராப்பகலாக வேதனை. சார் அந்த முகவாட்டத்தையும் தப்பாகப் புரிந்துகொண்டார். பையன் அளவுக்கு மீறிச் சிந்திக்கிறான் என்று விடுதிச் சமையற்கட்டில் சொல்லி, தினமும் இரண்டு முட்டை கூடுதலாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அதன்பிறகு சாப்பாட்டு வரிசையிலும் அவனை யாருக்கும் பிடிக்காமல் போயிற்று.

சரி, வாயால் சொல்ல முடியாததைப் பேனாவால் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தான். மாதத் தேர்வு வந்தது. ஒரு வரி எழுதக்கூடாது, வெறும் தாளைக் கொடுத்துவிட வேண்டும். பூஜ்யம் வாங்கினால் தானாகச் சாதா பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள், அந்த இடத்துக்கு உரியவளைத் தேடுவார்கள். கேள்வித்தாளைக் கையில் வாங்கினான். எப்போதும்போல் ஒன்றும் புரியவில்லை. நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் சென்னியப்பன் சார் வகுப்புக்குள் வந்து எல்லார் தாளையும் மேசைமேல் போட்டார். முந்தின நாள் கட்டு மாறிப்போய், பிளஸ் டூ கேள்வித்தாளை இவர்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வகுப்பில் அத்தனை பேரும் பயந்துகொண்டு வாய்க்கு வந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள்.

"இது நமக்கு நடத்தாத பாடம்னு கண்டுபுடிச்சு, கையக் கட்டிட்டு உக்காந்தவன் ஒருத்தன்தான்" என்றார் சார். "எல்லாரும் அவனுக்குக் கை தட்டுங்க."

தட்டினார்கள். நடத்திய பாடத்துக்கும் நடத்தாத பாடத்துக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாது என்பதை அந்தச் சத்தத்தில் எப்படிச் சொல்வது? நவீன்குமார் எழுந்து கும்பிட்டான். அன்றைக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதான்.

இதற்கு நடுவில் பள்ளிப் பேருந்துகளின் பின்புறம் அவன் படம் ஏறிவிட்டது. வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருந்தார்கள். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது திருச்செங்கோடு ரோட்டில் தன் முகத்தைத் தானே பார்த்தான். மோவாய்க்குக் கீழே இருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது.

அந்த விடுமுறையில் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று துணிந்தான். சத்தீஸ்கரில் மழை நின்று வேலை தொடங்க நாள் இருந்ததால் வேலுசாமி ஊரில்தான் இருந்தார். வாசலில் ரிக் வண்டியின் பைப்புகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவரிடம், தனக்கு எதுவும் புரியவில்லை, அந்த இடம் தன்னுடையது இல்லை, வேறு குரூப்புக்குப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னான்.

வேலுசாமி கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்தார்.

"போர் போடறப்ப முந்நூறு அடி வரைக்கும் வெறும் புழுதிதான் சாமி வரும். அதுக்குன்னு பைப்ப உருவிட்டு ஊட்டுக்கு வந்துர்றதா?"

"அடியில தண்ணியே இல்லீன்னா என்ன பண்றதுங்கப்பா?"

"எடம் பாத்துக் குடுத்தது அந்தப் பள்ளிக்கூடமாச்சே. அவிங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். மகன் பாரம் தாங்காமல் பேசுகிறான் என்று அம்மாவிடம் சொல்லி, அன்றைக்குக் கறிக்குழம்பு வைக்கச் சொன்னார். நவீன்குமார் சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் அவனை வருத்தியது.

கடைசியாகத் தாளாளரிடமே போனான். கைலாசம் ஒரு காலத்தில் முட்டை வியாபாரம் செய்தவர். இன்றைக்கும் அவர் அறைக்குப் போனால், பிள்ளைகளின் மார்க்கைவிட எடையைத்தான் பார்க்கிறாரோ என்று தோன்றும். இவன், பிரிட்ஜ் கோர்ஸ் பரீட்சையில் தாள் மாறிவிட்டது, முதலிடம் யாழினிக்கு வர வேண்டியது என்றான். அவர் முழுவதும் கேட்டார். பிறகு இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"முப்பது வருசம் முட்டையத் தரம் பிரிச்சு லாரி ஏத்தியிருக்கறேன் தம்பி. பெருசு ஒரு தட்டு, சிறுசு ஒரு தட்டு. எந்த முட்டையும் தட்டு மாறிப்போச்சுன்னு எங்கிட்ட வந்து சொன்னதில்ல."

சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த கோப்பைத் திறந்தார்.

"பஸ்சுக்கெல்லாம் படம் ஒட்டியாச்சு. போய்ப் படி" என்றார் கைலாசம்.

சித்திரை வெயில் ஆரம்பித்தது. பிளஸ் ஒன் எப்படியோ முடிந்தது. ஆண்டுத் தேர்வில் கேள்விக்குப் பதிலாகத் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்ததையெல்லாம் எழுதி, தேறும் அளவுக்கு மார்க் வாங்கியிருந்தான். மேதைகளுக்குச் சின்னப் பரீட்சைகளில் மனம் செல்லாது என்று சென்னியப்பன் சார் அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்.

புதிய பிரிட்ஜ் கோர்ஸின் தொடக்க விழா வந்தது. பத்தாவது எழுதிவிட்டு வந்த பிள்ளைகளும் பெற்றோரும் பந்தல் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். 'பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து மேல்நிலை அறிவியலுக்கு' என்ற தலைப்பில் நவீன்குமார் பேச வேண்டும். தலைப்பைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வழியில் போய்ச் சேர்ந்தவனைக் கூப்பிடாமல், பாதியில் தொலைந்தவனைக் கூப்பிட்டு வழி கேட்கிறார்கள்.

மேடைக்கு ஏறும்போதே முடிவு செய்துவிட்டான். இத்தனை பேருக்கு நடுவில் சொன்னால் யாரும் மறைக்க முடியாது. இனி யாழினியின் இடம் யாழினிக்குப் போய்ச் சேரும். தனக்கு என்ன ஆனாலும் சரி.

"பத்தாவது வரைக்கும் அறிவியல் ஒரே குடும்பமா இருந்துதுங்க" என்று ஆரம்பித்தான். "இங்க வந்தா பாகம் பிரிச்சுட்டாங்க. நான் எந்த ஊட்டுக்குள்ளயும் போகலீங்க. ஒரு வருசமா வாசல்லயே நிக்கறேன். எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. நான் உக்காந்திருக்கற எடம் என்ற எடமில்ல. சேந்தமங்கலத்து யாழினியோட எடம். அந்தப் புள்ளைக்கு வரவேண்டிய மார்க் எனக்கு வந்துருச்சுங்க."

நவீன்குமாருக்கு உடம்பு லேசாகியது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றான்.

முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார். அடுத்தவர் தட்டினார். பந்தலே தட்டியது. கைலாசம் மேடையேறி அவனை இறுக்கி அணைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். இந்தத் தன்னடக்கத்தைத்தான் இந்தப் பள்ளி கற்றுத் தருகிறது என்றார். கூடப் படித்து, தோற்றுப்போன ஒரு பெண்ணை ஒரு வருடம் கழித்தும் மறக்காத மனசு எத்தனை முதல் மாணவர்களுக்கு இருக்கும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, சபையைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"இந்தப் பையன் கேட்டதுக்காக, அந்தப் பொண்ண இந்தப் பள்ளிக்கூடமே திருப்பிக் கூப்புடுது. பீஸ் கெடையாது. மறுபடி பிளஸ் ஒன் முதல்ல இருந்து, நேரா ஸ்டார் பேட்ச்."

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு மட்டும் சேர்க்கை அறையில் உட்கார நாற்காலி போதவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பேருந்துகளுக்குப் புதுப் படம் அச்சடிக்கச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை இவன் படத்துக்குக் கீழே 'அடக்கம்' என்று ஒரு வார்த்தையும் உண்டு. நவீன்குமாருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தன்னைப் பொறுத்தவரை பெட்டி எப்படியோ சரிந்துவிட்டது. அவள் இடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதைத் தன் வாயால் அவளிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டால், பிறகு பிளஸ் டூ முழுவதும் நிம்மதியாக ஒன்றும் புரியாமல் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் அவுட்டிங் அனுமதி வாங்கிக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறினான். யாழினியின் அப்பா அன்பரசு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாரி டயர் கடை வைத்திருந்தார். பேருந்தில் ஒட்டிய முகம் என்பதால் அவருக்கு அறிமுகமே தேவைப்படவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா இருக்கோணும் சாமி. என்ற புள்ள வாழ்க்கையத் திருப்பிக் குடுத்துட்டே" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. தாளாளரே போன் செய்தாராம். திங்கட்கிழமை காலையில் பள்ளிப் பேருந்தே வந்து அழைத்துக்கொண்டு போகுமாம். இவன் படம் போட்ட பேருந்துதான் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டி பச்சைப் பெயிண்டு அடித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. யாழினி கதவோரம் நின்றாள். முன்பைவிடக் கறுத்து, நல்ல உயரமாகி இருந்தாள். அரசுப் பெண்கள் பள்ளியில் வணிகவியல் குரூப்பில் சேர்ந்து பிளஸ் ஒன் முடித்திருந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

காபி கொடுத்தார்கள். குடித்தான். புறப்பட்டபோது, தம்பியை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று அன்பரசு மகளை அனுப்பினார்.

கொல்லிமலை வெயிலில் மங்கலாகத் தெரிந்தது. நடந்துகொண்டே நவீன்குமார்தான் பேச்சை ஆரம்பித்தான். தாள் மாறியதைத் தான் அன்றைக்கே அறிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் போனது ஒரு வருடமாகக் கண்ணைவிட்டுப் போகவில்லை என்றான். அலுவலகத்துக்காரர்கள் பண்ணின தப்பைத் திருத்த அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், தாளாளரிடம் சொல்லிப் பார்த்தேன், கடைசியில் மேடையேறித்தான் முடிந்தது என்று கொஞ்சம் பெருமையோடும் சொன்னான்.

யாழினி நின்றுவிட்டாள்.

"உன்னய யாரு சொல்லச் சொன்னா?"

அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பயமாகிவிட்டது. "உனக்கு டாக்டருக்குப் படிக்கோணும்னு..."

"எனக்கு ஆடிட்டருக்குப் படிக்கோணும். அப்பாதான் டாக்டரு டாக்டருன்னு நின்னாரு. கெஞ்சுனதுக்கு, ஸ்டார் பேட்ச் கெடைக்கலீன்னா உன்ற இஷ்டம்னு ஒத்துக்கிட்டாரு." அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "இந்த ஒரு வருசம் எவ்வளவு நல்லா இருந்தேன் தெரியுமா. விடிஞ்ச பொறவு எந்திரிச்சேன். அக்கவுண்டன்சியில நாந்தான் ஸ்கூல்லயே பர்ஸ்ட்டு. நாளைக்கு பஸ் வந்துரும்."

திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம், அப்பாவிடம் சொல்லலாம், தாளாளரிடம் சொல்லலாம் என்று நவீன்குமார் உளறினான். இதுவரை தான் சொன்ன எந்த உண்மையும் எந்த இடத்திலும் எடுபடவில்லை என்பது சொல்லும்போதே நினைவுக்கு வந்தது. எடுபட்ட ஒன்றே ஒன்று இதுதான்.

நாமக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்குள் திரும்பியது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"ஸ்டார் பேட்ச் வேண்டாம்னா, நீ தப்புத் தப்பா எழுதியிருக்கலாமே. எதுக்கு அத்தனையும் சரியா எழுதுனே?"

"தப்பா எழுதிப்போடலாம்னுதான் பரீட்சைக்கே உக்காந்தேன்" என்றாள் யாழினி. "தெரிஞ்ச பதிலத் தப்பா எழுதக் கை வரமாட்டேனுருச்சு. நம்பரு போடாமக் குடுத்தாலும் எப்படியும் என்ற தாளுன்னு கண்டுபுடிச்சுருவாங்க. என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"அப்பறம் எப்படி அந்த மார்க் எனக்கு வந்துச்சு?"

பஸ் நகர ஆரம்பித்தது. படியில் தொற்றிக்கொண்டவனைப் பார்த்து அவள் சொன்னாள்:

"தாளு வாங்கறப்ப உன்ற தாள்ல நம்பரே இல்லாததப் பாத்துட்டுத்தான், என்ற தாள்ல உன்ற நம்பரப் போட்டேன்."